நூறு முடிச்சு: அப்துர் ரஹீம் கான்கானானின் வீடு

பள்ளி நாட்களில் இந்தித் தேர்வு ஒன்றுக்காகத் தெருமுனை வீட்டுத் திண்ணையில் நடந்த மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ரஹீமின் தோஹாக்கள், அதாவது இந்தி ஈரடிப் பாக்கள், சிலவற்றைப் பொருள் முழுதும் விளங்காமலே மனப்பாடம் செய்தேன். அன்பென்னும் நூலை வெடுக்கென்று அறுத்துவிடாதே, அறுந்தால் ஒட்டாது, ஒட்டினாலும் முடிச்சு விழும் என்பது அவற்றுள் ஒன்று. எங்களுக்குக் கற்பித்த பண்டிதர் கபீரை முடித்த கையோடு ரஹீமைத் தொடங்கியதால், இவரும் தறிக்குழியில் அமர்ந்து பாடிய ஓர் ஏழை ஞானியாகத்தான் இருப்பார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். வேலை நிமித்தம் தில்லிக்குக் குடிபெயர்ந்து, மதுரா சாலையை ஒட்டி நிற்கும் பெரிய கல்லறை மாடம் ஒன்றைக் காட்டி, "இது ரஹீமுடையது" என்று உடன் வந்தவர் சொன்னபோதுதான், அந்த ஈரடிக்காரர் அக்பரின் முதன்மைப் படைத்தலைவர்களுள் ஒருவர் என்பதும், பேரரசின் மிக உயர்ந்த பட்டங்களில் ஒன்றான கான்கானான், அதாவது கான்களுக்கெல்லாம் கான், என்பதைத் தாங்கியவர் என்பதும் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முகலாயப் பிரபுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கணக்குகளையே சொல்கிறார்கள்: எத்தனை ஆயிரம் மன்சப், அதாவது அரசுப் பதவியின் படிநிலை எண், எத்தனை போர்கள். ரஹீமைப் பற்றி எழுதுகிறவர்கள் மூன்றாவதாக அவருடைய கொடைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மனிதரின் எழுபது ஆண்டு வாழ்க்கையை ஓட்டிச் சென்றது அவருடைய வீடு என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரை உயர்த்தியவை திருமண உறவுகள்; அவரைச் சாய்த்தவையும் அதே உறவுகள்தாம். தமிழில் பிணை என்ற சொல்லுக்குக் கட்டு என்றும் ஜாமீன் என்றும் இரு பொருளும் உண்டு. முகலாய அரசவையில் குடும்பம் என்பது இந்த இரண்டு பொருளிலும் பிணையாகவே இருந்தது.

ரஹீம் 1556 டிசம்பர் 17 அன்று லாகூரில் பிறந்தார். இரண்டாம் பானிப்பட்டுப் போர் முடிந்து ஆறு வாரங்கள்தாம் ஆகியிருந்தன. அந்தப் போரை நடத்தி, பதினான்கு வயதுச் சிறுவனான அக்பரின் அரியணையைக் காத்துக் கொடுத்தவர் அவருடைய தந்தை பைராம் கான். பைராம் கான் துருக்மேனியக் குலத்தவர், ஷியா, பாரசீகத்திலும் துருக்கியிலும் கவிபாடியவர். தாயோ தில்லிக்குத் தெற்கே உள்ள மேவாத் நாட்டுக் கான்சாதா குலத்தில், ஜமால் கானின் மகளாகப் பிறந்தவர். வெளியிலிருந்து வந்த படைத்தலைவர்களை உள்நாட்டு நிலக்கிழார் குடும்பங்களோடு மணத்தால் கட்டிப்போடும் கொள்கையின் விளைவாகவே அந்தத் திருமணம் நடந்தது. பின்னாளில் ரஹீம் பாரசீகத்திலும் துருக்கியிலும் எழுதியதைப் போலவே பிரஜ், அவதி மொழிகளிலும் எழுதியதற்கு இந்தத் தாய்வழியை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது என்றாலும், அதை ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை.

குழந்தைக்கு நான்கு வயது நடக்கும்போது தந்தையின் செல்வாக்கு சரிந்தது. 1560-இல் அக்பர் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்; பைராம் கான் கலகம் செய்து, தோற்று, மன்னிக்கப்பட்டு, மக்காவுக்குப் புறப்பட்டார். 1561 ஜனவரி 31 அன்று குஜராத்தின் பாடண் நகரில், சகஸ்ரலிங்க ஏரிக்கரையில், முன்னொரு போரில் தன் தந்தையை இழந்திருந்த ஓர் ஆப்கானியர் அவரைக் குத்திக் கொன்றார். கூடாரங்கள் சூறையாடப்பட, ஊழியர்கள் சிலர் பெண்களையும் நான்கு வயதுச் சிறுவனையும் காப்பாற்றி அகமதாபாத்துக்கும், பிறகு ஆக்ராவுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தன்னை எதிர்த்து வாளெடுத்தவரின் மகனை அக்பர் தன் அரண்மனையிலேயே வளர்க்க ஆணையிட்டார். பைராம் கானின் விதவைகளுள் ஒருவரும், பாபரின் மகள் வயிற்றுப் பேத்தியும், தமக்கு அத்தை மகளுமான சலீமா சுல்தான் பேகத்தைத் தாமே மணந்துகொண்டார். ஆகச் சிறுவனுடைய மாற்றாந்தாய் பேரரசி ஆனார். அக்பரின் பெருந்தன்மை என்று இதைப் பலரும் எழுதுவார்கள், பெருந்தன்மைதான். எனினும் பைராம் கானின் பழைய ஆட்கள் பலர் இன்னும் படையில் இருந்த நேரத்தில், அவருடைய ஒரே ஆண் வாரிசைத் தன் கண்பார்வையில் வைத்துக்கொள்வது நல்ல அரசியலும்கூட.

வளர்ந்த பிறகு அவருக்கு அக்பர் பார்த்துக் கொடுத்த பெண் மாஹ் பானு. இங்கே முகலாயர்களின் பாலுறவு முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அரச குழந்தைக்குப் பாலூட்டிய தாய் அனகா, அவளுடைய கணவர் அத்கா, அவள் பெற்ற பிள்ளை கோகா, அதாவது பாற்சகோதரன். இரத்த உறவுக்குச் சற்றும் குறையாத உறவாக அது கருதப்பட்டது. மாஹ் பானுவின் தாய் ஜீஜி அனகா அக்பருக்குப் பாலூட்டியவர். தந்தை ஷம்சுத்தீன் அத்கா கான். சகோதரர் மிர்சா அஜீஸ் கோகா. இந்த அஜீஸ் எத்தனை முறை துடுக்காக நடந்தாலும் அக்பர் பொறுத்துக்கொண்டு, "எனக்கும் அவனுக்கும் இடையே ஒரு பாலாறு ஓடுகிறது, அதை என்னால் தாண்ட முடியாது" என்று சொல்வார் என்பது பெயர்பெற்ற செய்தி. அந்தக் குடும்பத்துக்குள் ரஹீம் மருமகனாகப் போனார். மணமகனின் தந்தை 1561-இல் கொலையுண்டார்; மணமகளின் தந்தை அத்கா கானோ 1562 மே மாதத்தில் ஆக்ரா கோட்டையில் அக்பரின் இன்னொரு பாற்சகோதரனான அதாம் கானின் ஆட்களால் அரசவைக் கூடத்திலேயே வெட்டப்பட்டார். பதினாறு மாதங்களுக்குள் தந்தையரை அரசியல் கொலைக்குப் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகளை அக்பர் சேர்த்துவைத்திருக்கிறார். இதைக் கோத்துச் சொல்லும் எழுத்தை நான் அதிகம் பார்க்கவில்லை என்பது எனக்கு வியப்பே.

பிறகு நடந்தவை ஏற்றத்தின் ஆண்டுகள். அவற்றை விரைவாகவே கடந்துவிடலாம். பதினாறு வயதில், அகமதாபாத்தில் முற்றுகையிடப்பட்டிருந்த அஜீஸ் கோகாவை மீட்க அக்பர் மேற்கொண்ட புகழ்பெற்ற ஒன்பது நாள் விரைவோட்டத்தில் உடன் சென்றார். பின்னர் இளவரசர் சலீமுக்கு அதாலிக், அதாவது பாதுகாவலரும் ஆசானும், ஆனார். பேரரசராகப் போகும் ஜஹாங்கீர் இவருடைய மாணவர் என்பதைப் பின்னால் வரும் செய்திகளுக்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1583-இல் குஜராத்தின் பழைய சுல்தான் முசபர் ஷா மீண்டும் கிளம்பியபோது அனுப்பப்பட்டவர் ரஹீம்தான். மாளவத்திலிருந்து வரும் துணைப்படைக்குக் காத்திருக்கும்படி ஆணை இருந்தது. கான்கானான் ஆக வேண்டுமானால் தனியாக வென்றாக வேண்டும் என்று தளபதி தௌலத் கான் லோடி தூண்டினார். 1584 ஜனவரியில் சர்கேஜ் களத்தில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையை ரஹீம் வென்றார். தந்தையின் பட்டம் இருபத்தேழு வயது மகனுக்கு வந்தது. கூடவே, இளவரசர் அல்லாதவர் அப்போது எட்டக்கூடிய உச்சமான 5000 மன்சப்பும். வெற்றி நாளில் தன்னிடம் இருந்ததையெல்லாம் வீரர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தபின், தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்து நின்ற கடைசி ஆளுக்கு மிஞ்சியிருந்த மைக்கூட்டையும் எடுத்துக் கொடுத்தார் என்று ஒரு குறிப்பு உண்டு. எழுத்தாளனிடம் கடைசியாக மிஞ்சுவதும் மைக்கூடுதானே.

பாபர் துருக்கியில் எழுதிய தன்வரலாற்றைப் பாரசீகத்தில் பெயர்த்து 1589 நவம்பரில் அக்பரிடம் அளித்ததும், அவருடைய ஓவியக்கூடத்தில் உருவாகி இன்று வாஷிங்டனில் இருக்கும் பாரசீக இராமாயணப் படச்சுவடியும், புர்ஹான்பூரில் அவருடைய ஆட்சிக்காலத்தில், 1615-ஐ ஒட்டி, மலைநீரை நிலத்தடிச் சுரங்கக் கால்வாயில் நகருக்குக் கொண்டுவந்த குண்டி பண்டாரா ஏற்பாடும் தனித்தனியே எழுத வேண்டியவை. அந்த நீர்ச் சுரங்கத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், நீரின்றி எல்லாம் வெறுமை, நீர் போனால் முத்தும் மனிதனும் சுண்ணாம்பும் உருப்படாது என்னும் அவருடைய தோஹா எனக்கு நினைவுக்கு வரும். பானி என்ற ஒரே சொல் முத்துக்கு ஒளியாகவும், மனிதனுக்கு மானமாகவும், சுண்ணாம்புக்குத் தண்ணீராகவும் பொருள்படும் அந்தச் சிலேடையைத் தமிழில் கொண்டுவர முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன்.

கொடையாளிக்கு மறுபக்கமும் இருந்தது. பகைவனை நட்பின் வேடத்தில் இருந்தபடியே வீழ்த்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை என்று பிற்காலத்து முகலாய வரலாற்று நூல் சொல்கிறது. ஒரு சாண் உயரம், உள்ளத்தில் நூறு முடிச்சு, ஒரு பிடி எலும்பு, நூறு சிக்கல் என்று அவரைக் கேலி செய்த பாரசீக ஈரடி ஒன்றையும் அந்நூல் பதிவு செய்திருக்கிறது. அன்பின் நூலில் முடிச்சு விழக்கூடாது என்று பாடியவரைப் பற்றி, அதே முடிச்சைக் கொண்டு அவருடைய காலத்தவர் பாடியிருக்கிறார்கள். தக்காணத்தில் அவர் இருந்த நெடுங்காலம் முழுவதும், எதிரிகளோடு இரகசியமாகக் கைகோத்திருக்கிறார் என்ற சந்தேகம் அவரை விடாமல் தொடர்ந்தது. அதில் முற்றிலும் உண்மையில்லை என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. நான்கு வயதில் தந்தையின் பிணத்தைப் பார்த்த ஒருவர், எந்தக் கதவையும் முழுதாகச் சாத்தாமல் வைத்திருக்கக் கற்றுக்கொண்டிருப்பார்.

மாஹ் பானு 1598-இல் அம்பாலாவில் இறந்தார். உடல் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டு, ஹுமாயூன் கல்லறைக்கு அருகில் அவருக்காக ரஹீம் எழுப்பிய மாடந்தான் நான் முதலில் குறிப்பிட்டது. முகலாயர் காலத்தில் ஒருவர் தம் மனைவிக்காக எழுப்பிய முதல் பெருங்கல்லறை அதுவே என்பார்கள். தாஜ்மகாலின் வடிவத்துக்கு முன்னோடிகளுள் ஒன்றாகவும் அதைச் சொல்வார்கள். ஆனால் ஏன் தில்லி, ஏன் அந்த இடம் என்று யோசித்தால், விடை சாலைக்கு எதிர்ப்புறத்தில் இருக்கிறது. நிஜாமுத்தீன் தர்காவை ஒட்டி, வீடுகள் நெருக்கும் சிறு முற்றத்தில், சிவப்புக் கல்லும் வெண்பளிங்கும் இழைத்த அத்கா கானின் கல்லறை நிற்கிறது; தந்தைக்காக அஜீஸ் கோகா 1566-67-இல் கட்டியது. அதற்குச் சில நூறு அடிகளில் அறுபத்து நான்கு தூண்களைக் கொண்ட சௌசட் கம்பா. அது அஜீஸ் கோகாவுடையது. தந்தை, மகன், மகள் மூவரும் ஒருவரையொருவர் நடந்து சென்று பார்க்கும் தொலைவில் இருக்கிறார்கள். இறந்த மனைவியை ரஹீம் கொண்டுபோய் அவளுடைய பிறந்த வீட்டுக்குப் பக்கத்தில் விட்டிருக்கிறார் என்றே நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளின் கதை இதற்கு மேல்தான் தொடங்குகிறது. மகள் ஜானா பேகம் அக்பரின் மூன்றாவது மகன் இளவரசர் தானியாலுக்கு மணம் செய்விக்கப்பட்டார். மாமனார் மருமகனுடைய படைக்கு மூத்த துணை. 1600-இல் அகமதுநகர்க் கோட்டை விழுந்தபோது இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். ஆனால் தானியாலின் குடி எல்லை மீறியது. மருமகன் அருகே மது போகாமல் காவல் போடும் பொறுப்பு மாமனார் தலையில் விழுந்தது. வேட்டை என்று சொல்லி வெளியே போன இளவரசர், தன் துப்பாக்கிக்காரரைக் கெஞ்சி, துப்பாக்கிக் குழலுக்குள் சாராயத்தை ஊற்றி எடுத்துவரச் செய்தார். அந்தத் துப்பாக்கிக்கு அவரே முன்பு ஜனாசா, அதாவது பாடை, என்று பெயரிட்டு, உன் குண்டு பட்டவனுக்கு நீயே பாடை என்று ஈரடியும் எழுதியிருந்தார். குழலில் படிந்திருந்த மருந்தும் துருவும் சாராயத்தில் கரைய, குடித்தவர் படுத்தார், எழவில்லை. 1605-இல் புர்ஹான்பூரில் இது நடந்தது. எழுதி வைத்திருப்பவர் தானியாலின் அண்ணன் ஜஹாங்கீர்; அவரும் நாள்தோறும் குடித்தவர்தாம் என்பதைத் தம் குறிப்புகளில் மறைக்காமல் சொன்னவர்.

மூத்த மகன் ஈரஜ், தந்தையின் படைத்திறனை முழுதாகப் பெற்றவர். ஜஹாங்கீர் அவருக்கு ஷாநவாஸ் கான் என்று பட்டம் அளித்தார். தக்காணத்தில் முகலாயர்களை ஆண்டுக்கணக்கில் திணறடித்த மாலிக் அம்பரை 1616-இல் களத்தில் முறியடித்தது ரஹீமின் படை என்பதைவிட ஈரஜின் படை என்பதே பொருந்தும். மறு ஆண்டே அவருடைய மகள் இளவரசர் குர்ரமுக்கு, அதாவது பின்னாளைய ஷாஜகானுக்கு, மணமுடிக்கப்பட்டார். தானியாலோடு அறுந்த நூல் அடுத்த தலைமுறையில் ஒட்டப்பட்டது. அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1619-இல், முப்பத்து மூன்று வயதில், ஈரஜும் குடியாலேயே இறந்தார். அந்தத் துயரம் ஆறுமுன் தம்பி ரஹ்மான் தாத், காய்ச்சலிலிருந்து எழுந்த உடம்போடு பகைவரைத் துரத்தக் குதிரையேறிப் போய், குளிர் கண்டு மாண்டார். தந்தைக்கு மிகச் செல்லமான பிள்ளையாம் அவர். செய்தியை முதியவரிடம் சொல்ல வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லாமல், அந்தப்புரத்துப் பெண்கள் புர்ஹான்பூரிலிருந்த ஒரு சூஃபிப் பெரியவருக்கு ஆள் அனுப்ப, அவர் துக்க உடை உடுத்தி வந்து நின்றதைக் கண்டே ரஹீம் புரிந்துகொண்டார் என்று பழைய நூல் சொல்கிறது.

எஞ்சிய மகன் தாராப் கான். 1622-இல் காந்தஹாருக்குப் போகச் சொன்ன ஆணையை ஒட்டி ஷாஜகான் தம் தந்தை ஜஹாங்கீரோடு முறித்துக்கொண்டு கலகக்கொடி உயர்த்தியபோது, ரஹீமும் தாராபும் அவர் பக்கம் நின்றார்கள். பேத்தியின் கணவர் என்ற உறவு ஒருபுறம். தக்காணத்தில் பல ஆண்டுகள் உடனிருந்த பழக்கம் மறுபுறம். ஜஹாங்கீருக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. எனக்கு ஆசானாக இருந்தவர் எழுபது வயதில் முகத்தில் கரி பூசிக்கொண்டார் என்றும், இவருடைய தந்தையும் கடைசிக் காலத்தில் என் தந்தையிடம் இப்படித்தான் நடந்தார் என்றும், மனிதரிடையே வளர்ந்தாலும் ஓநாய்க்குட்டி ஓநாய்தான் ஆகும் என்றும் எழுதினார். அறுபது ஆண்டுகளாக ஒரு வீட்டார் பார்த்த சேவகம் ஒரே வரியில் துடைக்கப்பட்டு, பைராம் கானின் பழைய கலகம் மகன் மேல் மறுபடி ஏற்றப்பட்டது.

ஷாஜகான் தரப்பிலும் நிம்மதி இல்லை. எதிர்ப்படையின் தலைவர் மஹாபத் கானுக்கு ரஹீம் எழுதிய கடிதம் ஒன்று பிடிபட்டது. நூறு கண்கள் என்னைக் காவல் காக்காவிட்டால் இந்த அல்லலிலிருந்து பறந்து வந்திருப்பேன் என்ற பொருளில் அதில் ஓர் ஈரடி இருந்தது. தந்தையும் மகனும் சிறை வைக்கப்பட்டார்கள். சில காலம் கழித்துச் சமாதானம் பேச ஆள் தேவைப்பட்டபோது, ஷாஜகான் அவரை அந்தப்புரத்துக்குள்ளேயே அழைத்துச் சென்று, தன் மனைவி மக்கள் முன்னிலையில் குர்ஆன் மீது சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினார். ரஹீம் ஆற்றங்கரையை அடைந்த வேளையில் பேரரசின் படை நர்மதையைக் கடந்துவிட்டது. திரும்ப வழியின்றியோ மனமின்றியோ அவர் மஹாபத் கான் பக்கம் தங்கிவிட்டார். ஆனால் குடும்பம் ஷாஜகானிடம் இருந்தது.

அதன் பின் நடந்தது பிணை என்ற சொல்லின் மிகக் கொடிய பொருள். வங்காளத்தைப் பிடித்த ஷாஜகான் தாராபை அங்கே ஆளுநராக்கினார். ஆனால் அவருடைய மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரைத் தன்னோடு வைத்துக்கொண்டார். போரில் தோற்றுத் திரும்பும்போது தாராபை அழைக்க, சூழ்ந்திருக்கும் ஜமீன்தார்களால் வர இயலவில்லை என்று பதில் வந்தது. பிணையாக இருந்த மகன் கொல்லப்பட்டான். தாராப் பேரரசின் படையிடம் சரணடைந்தார். இந்த உதவாதவனை உயிரோடு வைத்திருப்பதில் என்ன பயன் என்று ஜஹாங்கீர் எழுத, மஹாபத் கான் அவருடைய தலையை வெட்டி, தட்டில் வைத்து மூடி, தர்பூசணி என்று சொல்லித் தந்தைக்கு அனுப்பினார் என்பார்கள். மூடியைத் திறந்த கிழவர், "ஆம், ஷஹீதி தர்பூசணி" என்று மட்டும் சொன்னாராம். ஷஹீதி என்பது ஒரு பழவகையின் பெயராகவும் தியாகிக்குரியது என்னும் பொருளாகவும் நிற்கும் சொல். இது 1625-இல் நடந்தது. வாழ்நாள் முழுவதும் சிலேடையில் விளையாடிய நாக்கு அந்த வேளையிலும் சிலேடையைத்தான் கண்டுபிடித்தது என்பதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ரஹீமையே மஹாபத் கான் காவலில் வைக்க முற்பட்டபோது, அவருடைய வீட்டில் அடிமையாக வளர்ந்து வலக்கையான மியான் ஃபஹீம் மட்டும் பணியவில்லை. தன் ஆட்களோடு வாளெடுத்துப் போரிட்டு இறந்தார். பெற்ற பிள்ளைகள் செய்ததை இவரும் செய்தார் என்பதால் அவரையும் குடும்பக் கணக்கில் சேர்க்கிறேன். ஹுமாயூன் கல்லறைக்கு அருகிலுள்ள நீலக் கும்மட்டம் அவருக்காக ரஹீம் கட்டியது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். கட்டடம் அதற்கு முந்தையது என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கதை தவறானாலும், அப்படிச் சொல்லத் தோன்றியதன் காரணம் தவறல்ல.

கடைசியில் ஜஹாங்கீர் மன்னித்தார். பட்டமும் திரும்பி வந்தது. இறையருளும் ஜஹாங்கீரின் தயவும் எனக்கு இரண்டாம் முறை உயிரையும் இரண்டாம் முறை கான்கானான் பட்டத்தையும் தந்தன என்று ரஹீம் ஈரடி பாடினார். மகனின் தலையை ஏந்திய கைகள் எழுதிய நன்றி அது. அதில் பணிவு எவ்வளவு, வேறென்ன எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் முயல்வதில்லை. அதே மஹாபத் கான் 1626-இல் பேரரசரையே சிறைப்பிடித்துப் பின் தப்பியோடியபோது, அவரைத் துரத்தும் பொறுப்பை ரஹீம் கேட்டுப் பெற்றார். அது முடியுமுன்னரே நோய் முற்றி, 1627-இல் தில்லியில் இறந்தார். மனைவிக்காகக் கட்டிய மாடத்திலேயே அவரையும் புதைத்தார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அவத் நவாப் சப்தர்ஜங்கின் கல்லறைக்காக இந்த மாடத்தின் பளிங்கையும் கல்லையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது கும்மட்டம் தோலுரித்ததுபோல் நின்றது. 2020-இல் முடிந்த பல ஆண்டுச் சீரமைப்புக்குப் பிறகு உட்சுவர் வேலைப்பாடுகள் துலக்கமாகியிருக்கின்றன. கும்மட்டத்தின் அடிப்பகுதியில் மட்டும் கொஞ்சம் புதுப்பளிங்கு பதித்து, மற்றதை அப்படியே விட்டிருக்கிறார்கள். சென்ற குளிர்காலத்தில் அங்கிருந்து வெளியே வந்து, மதுரா சாலையைக் கடந்து, ரோஜா இதழும் கபாபும் விற்கும் சந்துகள் வழியாக அத்கா கானின் கல்லறை வரை நடந்து பார்த்தேன். வழி கேட்டு இரண்டு முறை நின்றும், கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆனது.